தராசுப் பெட்டி கடைசியாச் சொன்ன வசனம்: தொலைஞ்ச அசெர்ட் மெஸேஜைத் தேடிப்பிடிச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்தில வலிகாமம் தெற்கில புன்னாலைக்கட்டுவன் பக்கம் மரக்கறி சேகரிக்கிற நிலையம் ஒண்டு இருக்கு. விடிய நாலரைக்கே தோட்டக்காரர் மோட்டச்சைக்கிள்ளையும் லான்ட்மாஸ்டரிலையும் பீற்றூட், கரட், கோவா, கத்தரிக்காய் எண்டு கொண்டு வந்துடுவினம், ஏழு மணிக்கிடையில எல்லாத்தையும் நிறுத்து லொறியில ஏத்தி முடிக்கோணும், அதுக்குப் பிறகு லொறி நிக்காது. அங்க இருக்கிற எலெக்ட்ரோனிக் தராசோட ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி பூட்டிக் கிடக்கு. தராசு சீரியல் வயரால அனுப்புற எடையை அந்தப் பெட்டியில ஓடுற புரோகிராம் வாசிச்சு, தோட்டக்காரரின்ர பேர் நம்பரோட சேத்து, விலையால பெருக்கி, துண்டு அடிச்சுக் குடுக்கும். பின்னேரம் கணக்கெல்லாத்தையும் சேவருக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதின்ர வேலை.

புரோகிராம் சி மொழியில எழுதினது. எழுதின அண்ணை இப்ப கனடாவில. இஞ்ச திருநெல்வேலியில சின்ன ஒப்பீஸ் ஒண்டில நாங்கள் நாலு பேர் அதைப் பாத்துக்கொள்ளுறம்: மூத்த அண்ணை ஒராள், நான், இன்னொரு பெடியன், கம்பஸ் முடிச்சு வந்து ஆறு மாசம் ஆன தங்கச்சி ஒராள். நிலையத்தில தராசடியில நிக்கிறது ஒரு அக்கா. இந்தக் கதையில அவவின்ர கொப்பி முக்கியம், அது பிறகு வரும்.

கோடுக்குள்ள 41 இடத்தில அசெர்ட் இருந்தது. தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். அசெர்ட் எண்டது புரோகிராம் எழுதிறவர் "இந்த இடத்தில இது கட்டாயம் உண்மையா இருக்கோணும்" எண்டு எழுதி வைக்கிற காவல். அது பொய்யாப் போனால் புரோகிராம் ஒரு வரி மெஸேஜ் எழுதிப்போட்டு அபோர்ட் எண்ட பங்ஷனைக் கூப்பிட்டுத் தன்னைத்தானே நிப்பாட்டும். அந்த வரியில புரோகிராமின்ர பேர், சோர்ஸ் பைலின்ர பேர், வரி நம்பர், பங்ஷன் பேர், எந்த நிபந்தனை உடைஞ்சது எண்டது எல்லாம் இருக்கும். ஒரு கிராஷைப் பற்றி இதைவிடச் சுருக்கமா ஆரும் சொல்லேலாது. ஆனா அந்த வரி போறது ஸ்டாண்டர்ட் எரர் எண்ட வாசலால, அந்த வாசலுக்கு வெளியில ஆக்கள் இல்லையெண்டால் சொன்னது ஒருத்தருக்கும் கேக்காது.

எங்கட பெட்டியில ஆக்கள் இல்லை. புரோகிராமை ஓட்டினது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், செத்தால் அஞ்சு செக்கனில திரும்ப எழுப்பும், அந்த ஸ்கிரிப்டில ஸ்டாண்டர்ட் எரரை டெவ் நல்லுக்கு, அதாவது ஒண்டுமே மிஞ்சாத குழிக்கு, திருப்பி விட்டிருந்தது. ஏன் அப்பிடி விட்டது எண்டு பிறகு கேட்டால், பிரிண்டர் லைப்ரரி ஒண்டு தேவையில்லாத வோர்னிங் எல்லாம் கொட்டிச்சுதாம், அதை அடக்கத்தான். நியாயமான காரணம்தான், ஆனா அதோட சேந்து மற்றதும் அடங்கிப்போச்சு.

முதல் மூண்டு கிழமை

தைப்பொங்கல் முடிஞ்ச கையோட அக்கா போன் எடுத்தா.

"தம்பி, பெட்டி நிறுக்கேக்க நிண்டு போகுது. திரும்ப வருது, ஆனா நிறுத்த எடை இல்லை. தோட்டக்காரர் சத்தம் போடினம்."

நான் சொன்னது, "அக்கா, ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ" எண்டு. இந்த ஒரு வசனத்தால எவ்வளவு போச்சு எண்டது பிறகுதான் விளங்கினது.

நாளுக்கு ரெண்டு, சிலநாள் நாலு தரம் நடந்தது, எல்லாம் அஞ்சு மணிக்கும் ஆறரைக்கும் இடையில, சனம் கூடின நேரத்தில. மற்ற ரெண்டு நிலையத்திலையும் இதே புரோகிராம் ஓடுது, அங்க ஒரு பிரச்சினையும் இல்லை, அப்ப கோடு பிழையா இருக்கேலாது, இடம்தான் பிழை எண்டு முடிவுகட்டினம். அந்த முடிவு எங்களை எங்கெங்கையோ கொண்டு போச்சு. முதல் கரண்ட் எண்டு நினைச்சு யூபிஎஸ் பூட்டினம். நிக்கேல்ல. செம்பாட்டுத் தூசி யூஎஸ்பி வாயெல்லாம் அடைச்சுக் கிடந்தது, அதுதான் எண்டு நினைச்சுத் துடைச்சு, சீரியல் வயரைப் புதுசா மாத்தினம். நிக்கேல்ல. எஸ்டி கார்ட் பழுதெண்டு கார்டை மாத்தினம். அதுவும் இல்லை.

லொக், அதாவது புரோகிராம் நடந்ததை எழுதி வைக்கிற பைல், பாக்கேல்லையோ எண்டு கேப்பீங்கள். பாத்தனாங்கள். அதில ரெண்டு பிரச்சினை இருந்தது, ரெண்டும் எங்களுக்கு அப்ப தெரியாது.

முதலாவது, எஸ்டி கார்ட் தேயக்கூடாது எண்டு லொக் பைலை ராமில வச்சிருந்தனாங்கள். அக்கா வயரைப் புடுங்கிப் பூட்டின உடனை லொக் முழுக்கப் போயிடும். நான் சொன்னபடி அவ ஒவ்வொருக்காலும் புடுங்கினா, ஒவ்வொருக்காலும் சாட்சி அழிஞ்சது.

ரெண்டாவதுதான் மோசம். அவ புடுங்க முதல் நாங்கள் ஒப்பீஸில இருந்து உள்ள போய்ப் பாத்த ரெண்டு தரம் லொக் இருந்தது, அதில கடைசி வரி பாதியில வெட்டுப்பட்டு, பிரிண்டருக்கு அனுப்புற இடத்தில நிண்டது. ரெண்டு தரமும் அப்பிடித்தான். அதால பிரிண்டர்தான் குற்றவாளி எண்டு பிரிண்டர் வயர், டிரைவர் எல்லாம் மாத்தி ஒரு கிழமை அதிலையே போச்சு. உண்மை என்னெண்டால் லொக் வரியள் பிரிண்ட்எஃப் எண்ட பங்ஷனால எழுதுறது, அது ஸ்டாண்டர்ட் அவுட்புட் எண்ட மற்ற வாசலுக்குப் போறது, அது ஸ்கிரீனுக்குப் போனால் வரிவரியா வெளியில வரும், பைலுக்குத் திருப்பினால் 4096 பைட் மாதிரி ஒரு தொகை சேருமட்டும் புரோகிராமுக்குள்ளையே கிடக்கும். அபோர்ட் வந்தால் அந்தச் சேத்து வச்சதைப் பைலுக்கு எழுதாது. முந்தி ஜிலிப்சி, அதாவது லினக்ஸில சி புரோகிராமுகள் பாவிக்கிற அடிப்படை லைப்ரரி, எழுதினது, 2018இல வந்த 2.27 பதிப்போட அதை நிப்பாட்டிப்போட்டினம், ஏனெண்டால் செத்துக்கொண்டிருக்கிற புரோகிராமை இன்னும் வேலை வாங்கினால் பூட்டுப்பட்டு நிக்கும், இல்லாட்டி டேட்டாவை இன்னும் பழுதாக்கும். சரியான முடிவுதான். ஆனா எங்களுக்கு லொக்கின்ர கடைசி வரி எண்டது புரோகிராம் செத்த இடமில்லை, அதுக்குக் கனக்க முதல் கடைசியாப் பைலுக்குப் போய்ச் சேந்த துண்டு. நாங்கள் செத்த வீட்டை விட்டுப்போட்டுப் பக்கத்துத் தெருவில விசாரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறம்.

134

நாலாவது கிழமை தங்கச்சி கேட்டா, "அண்ணை, ஸ்கிரிப்ட் திரும்ப எழுப்புது எண்டால் புரோகிராம் என்ன நம்பரோட முடிஞ்சதெண்டு ஸ்கிரிப்டுக்குத் தெரியும்தானே, அதை ஏன் எழுதி வைக்கேல்ல?"

ஒருத்தரிட்டையும் பதில் இல்லை. ஒரு வரி சேத்தம், முடிவு நம்பரையும் நேரத்தையும் எஸ்டி கார்டில ஒரு சின்ன பைலில எழுதச் சொல்லி. அடுத்த நாள் விடிய ரெண்டு தரம் செத்தது, ரெண்டு தரமும் 134.

ஷெல்லில 128க்கு மேல வந்தால் சிக்னலால, அதாவது புரோகிராமை நிப்பாட்டச் சொல்லி வாற அறிவிப்பால, செத்தது எண்டு அர்த்தம், 128ஐக் கழிச்சால் எந்த சிக்னல் எண்டு வரும். 139 எண்டால் 11, செக்மென்டேஷன் ஃபோல்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டது. 137 எண்டால் 9, மெமரி காணாமல் கேர்னல் எண்ட லினக்ஸின்ர மையம் கொண்டதா இருக்கலாம். 134 எண்டால் 6, அபோர்ட்.

அந்த ஒரு நம்பரோட கரண்ட், தூசி, எஸ்டி கார்ட், பிரிண்டர் வயர் எல்லாம் விடுதலை. அபோர்ட் தானா வராது, ஆரோ கூப்பிட்டால்தான் வரும். சி புரோகிராமில அப்பிடிக் கூப்பிடுறது அனேகமா மூண்டு பேர். அசெர்ட் உடைஞ்சது ஒண்டு, மலொக் எண்ட மெமரி எடுத்துக் குடுக்கிற பங்ஷன் தன்ர கணக்கு குழம்பிப்போச்சு எண்டு கண்டுபிடிச்சது ரெண்டாவது, ஸ்டாக் எண்ட பங்ஷன்களின்ர வேலை மெமரி அழிஞ்சதை, கோடை ஓடுற புரோகிராமா மாத்துற கொம்பைலர் போட்ட காவல் கண்டது மூண்டாவது. மூண்டு பேரும் அபோர்ட்டுக்கு முதல் ஒரு வரி சொல்லிப்போட்டுத்தான் போவினம். அப்ப மூண்டு கிழமையா எங்கட புரோகிராம் ஒவ்வொரு நாளும் காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் செத்திருக்கு. அண்டைக்கு ஒப்பீஸில கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல.

என்ன செய்யிறது எண்ட வாக்குவாதம்

மூத்த அண்ணை சொன்ன வழி, என்டிபக் எண்டதைப் போட்டுக் கொம்பைல் பண்ணுவம் எண்டது. அப்பிடிச் செய்தால் 41 அசெர்ட்டும் இல்லாமல் போயிடும், புரோகிராம் நிக்காது, தோட்டக்காரர் காத்து நிக்க மாட்டினம். அவரில பிழை சொல்லேலாது, ஒவ்வொரு விடியவும் போனில ஏச்சு வாங்கினது அவர்தான். தங்கச்சி ஓமெண்டேல்ல. "அண்ணை, காவல்காரன் கத்துறான் எண்டு காவல்காரனை நிப்பாட்டினால் கள்ளன் போயிடுவானோ? இது காசுக்கணக்கு. பிழையான எடையோட துண்டு அடிச்சால் ஆருக்குத் தெரியும்?" நானும் அவவின்ர பக்கம். அசெர்ட்டைத் தூக்கிறதில்லை எண்டு முடிவானது.

அடுத்தது, ஸ்டாண்டர்ட் எரரை ஒரு பைலுக்குத் திருப்பினால் காணும்தானே எண்டு பெடியன் கேட்டான். செய்தம், அண்டைக்கே செய்தம். ஆனா அதை மட்டும் நம்ப மனம் வரேல்ல, பிரிண்டர் லைப்ரரியின்ர இரைச்சலுக்குள்ள அந்த ஒரு வரியை ஒவ்வொருக்காலும் தேடோணும், அதோட வரி மட்டும்தான் வரும், அந்த நேரம் மெமரியில என்ன கிடந்ததெண்டு வராது. அதால கோர் டம்ப்பும் எடுக்கிறது எண்டு தீர்மானிச்சம். கோர் எண்டது புரோகிராம் செத்த கணத்தில அதின்ர மெமரியை அப்பிடியே பைலாக்கி வைக்கிறது, பிரேதப் பரிசோதனைக்கு உடலை வச்சிருக்கிற மாதிரி.

இதுக்கு ரெண்டு செற்றிங் மாத்தோணும். ஸ்கிரிப்டில யூலிமிட் சி எண்டதை அன்லிமிட்டட் ஆக்கோணும், அனேக இடத்தில அது 0 எண்டுதான் இருக்கும், 0 எண்டால் கோர் எழுதாது. பிறகு கேர்னலின்ர கோர் பேட்டர்ன் எண்ட பைலில எங்க எழுதுறது எண்டு முழுப் பாதையோட குடுக்கோணும். ராமில குடுத்தால் திரும்பவும் அக்கா வயரைப் புடுங்கப் போயிடும், அதால எஸ்டி கார்டில தனிப் பகுதி ஒண்டு பிரிச்சம். அக்காவுக்கும் போன் எடுத்து, நிண்டால் வயரைப் புடுங்காதேங்கோ, அஞ்சு செக்கன் பொறுங்கோ, தானா வரும் எண்டு சொன்னனான்.

இதில ஒரு விசயம் எனக்குக் கரைச்சலா இருந்தது, இப்பவும் இருக்கு. கோருக்குள்ள மெமரி முழுக்க இருக்கும், அதில தோட்டக்காரரின்ர பேர், போன் நம்பர், அடையாள அட்டை நம்பர், ஆருக்கு எவ்வளவு காசு எண்டது எல்லாம் கிடக்கும். தனிப்பட்ட தரவு பாதுகாப்புக்கு 2022இல 9ஆம் இலக்கச் சட்டம் எண்டு இலங்கையில வந்திருக்கு, அது ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் இல்லாட்டியும் அந்தச் சனத்தின்ர விபரத்தை வட்ஸ்அப்பில கனடாவுக்கு அனுப்புறது சரியில்லை. கோர் பைல் பெட்டியை விட்டு வெளியில போகாது, நேரில போய்த்தான் பாக்கிறது, மூண்டு கோருக்கு மேல வச்சிருக்கிறதில்லை, பாத்து முடிஞ்ச உடனை அழிக்கிறது. இந்த நாலையும் எழுதி ஒட்டிப்போட்டுத்தான் வேலையைத் துடங்கினம்.

முதலாவது கோர்

அடுத்த நாள் ஒண்டும் நடக்கேல்ல. அதுக்கடுத்த நாள் விடிய 5:52க்கு ஒரு கோர் விழுந்தது, 9 எம்பி அளவில. தங்கச்சியும் நானும் மோட்டச்சைக்கிள்ள போனம்.

ஜிடிபி எண்ட பிழை தேடுற கருவியில திறந்து பாக்ட்ரேஸ், அதாவது எந்தப் பங்ஷன் எதைக் கூப்பிட்டு இஞ்ச வந்தது எண்ட பட்டியல், கேட்டால், முதல் ரெண்டு மூண்டு வரியில அபோர்ட் எண்டு வந்தது, அதுக்குக் கீழ எல்லாம் கேள்விக்குறி. நிலையத்துக்குப் போட்ட புரோகிராமில டிபக் விபரம், அதாவது பங்ஷன் பேரும் வரி நம்பரும் காட்டுற தகவல், எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிருந்தது, அதைக் கொம்பைல் பண்ணின லப்டொப்பும் பிறகு ஃபோமட் பண்ணுப்பட்டுப் போச்சு, வெட்டினதின்ர கொப்பி ஒரு இடத்திலையும் இல்லை. எனக்கு உண்மையாவே மனம் விட்டுப்போச்சு.

ஸ்டாண்டர்ட் எரர் பைலைப் பாப்பம் எண்டால், அதைத் திருப்பி எழுதின வரியில நாங்கள் ஒரு > குறிக்குப் பதிலா ரெண்டு போட மறந்திட்டம், ஒற்றைக் குறி எண்டால் ஒவ்வொரு தரம் எழும்பேக்கையும் பைலைப் புதுசா வெறுமையாக்கும். அஞ்சு செக்கனில புரோகிராம் திரும்ப எழும்பினது, வெறும் பைல்தான் கிடந்தது. மெஸேஜ் ரெண்டாந்தரமும் கைக்குள்ள வந்து போச்சு.

அப்பதான் தங்கச்சி, கம்பஸில ஆரோ சொன்னது ஞாபகம் வந்து, ஜிலிப்சி இந்த மெஸேஜை வேற இடத்திலையும் வைக்கிறது எண்டு சொன்னா. நான் நம்பேல்ல. சோர்ஸைப் போனில எடுத்துப் பாத்தம், உண்மை. அசெர்ட் உடைஞ்சால் ஜிலிப்சி மெஸேஜை ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதிறதோட நிக்கேல்ல. எம்மேப் எண்ட வழியால கேர்னலிட்டை நேர புதுசா மெமரி கேட்டு, மெஸேஜை அதில ஒருக்காக் கொப்பி பண்ணி, முன்னுக்கு ரெண்டு அண்டர்ஸ்கோரோட __அபோர்ட்_எம்எஸ்ஜி எண்ட பேரில இருக்கிற பொயின்டரை, அதாவது மெமரியில ஒரு இடத்தைக் காட்டுற குறிப்பை, அதுக்குக் காட்ட வச்சுப்போட்டு, அதுக்குப் பிறகுதான் அபோர்ட்டைக் கூப்பிடுது. மலொக்கின்ர மெமரியில வைக்காமல் புதுசா கேக்கிறது கவனமான வேலை, ஏனெண்டால் சாகிற காரணமே மலொக் குழம்பினதா இருக்கலாம். இதெல்லாம் செய்து வச்சிருக்கிறது ஒரே ஒரு காரணத்துக்கு: ஸ்டாண்டர்ட் எரர் தொலைஞ்சு போனாலும் கோருக்குள்ள மெஸேஜ் உடலோட சேந்து கிடக்கட்டும் எண்டு. உபுண்டுவில கிராஷ் விபரம் சேக்கிற அப்போர்ட் எண்ட புரோகிராம் இந்த இடத்தைத்தான் வாசிச்சு, றிப்போட்டில அசெர்ஷன் மெஸேஜ் எண்டு தனியாப் போடுறது. அண்ட்ராய்டிலையும் இதே யோசனை இருக்கு, அங்க டூம்ஸ்டோன் எண்ட கிராஷ் பைலில அபோர்ட் மெஸேஜ் எண்டு வாற வரி இப்பிடிச் சேமிச்சு வச்சதுதான். எல்லா லைப்ரரியும் இப்பிடி இல்லை. அல்பைன் லினக்ஸில இருக்கிற மஸ்ல் லைப்ரரி ஸ்டாண்டர்ட் எரரில எழுதிப்போட்டு நேர அபோர்ட்டுக்குப் போயிடும். எங்கட பெட்டி டெபியன் வழி, ஜிலிப்சி. தப்பினம்.

ஜிடிபியில அந்தப் பேரைப் பிரிண்ட் பண்ணச் சொன்னால், இதின்ர டைப் தெரியாது எண்டு சொல்லிச்சுது, ஜிலிப்சியின்ர டிபக் விபரம் பெட்டியில இல்லாததால. அந்த இடத்தில முதல் நாலு பைட் அளவு, அதுக்குப் பிறகுதான் எழுத்து. அதால பொயின்டரை எழுத்துப் பொயின்டரா மாத்தி, நாலு கூட்டி, அங்க இருக்கிறதை வசனமாக் காட்டு எண்டு எக்ஸ் ஸ்லாஷ் எஸ் கொமாண்டால கேட்டம். வந்தது இதுதான்:

*தராசு: ஸ்கேல்.சி:212: ரீட்_நெட்: அசெர்ஷன் `கிராம்ஸ் >= 0' ஃபெயில்ட்.*

நாலு கிழமையாத் தேடின வரி. தங்கச்சி அதைத் தன்ர கொப்பியில கையால எழுதிக்கொண்டா.

இதே வரியை ஸ்ட்ரிங்ஸ் எண்ட கொமாண்டால கோரில இருக்கிற எழுத்தெல்லாத்தையும் எடுத்து, அசெர்ஷன் எண்டு தேடினாலும் பிடிக்கலாம், பிறகு செய்து பாத்தம், வந்தது. ஜிடிபி இல்லாத பெட்டியில அது உதவும்.

அக்காவின்ர கொப்பி

இனி அந்த வரியை வச்சு இடத்தைப் பிடிக்கோணும். எங்களிட்ட இருந்த சோர்ஸில 212ஆவது வரியில ஒரு அடைப்புக்குறி மட்டும்தான் இருந்தது, ஏனெண்டால் நிலையத்தில ஓடினது பழைய பதிப்பு. வரி நம்பர் கைவிட்டது. நிபந்தனையைத் தேடினால் கிராம்ஸ் பூச்சியத்துக்குக் குறையக்கூடாது எண்டு ரெண்டு பங்ஷனில எழுதியிருந்தது. பங்ஷன் பேர் இருந்தபடியால எது எண்டு பிரிச்சம். ஒரு வரி மெஸேஜில இருக்கிற ஒவ்வொரு துண்டும் ஏன் இருக்கு எண்டது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

ஆனா மெஸேஜ் நிபந்தனையைச் சொல்லுமே தவிர பெறுமானத்தைச் சொல்லாது. எடை பூச்சியத்துக்குக் குறைஞ்சது சரி, எவ்வளவு, ஏன்? கோருக்குள்ள தராசில இருந்து வந்த எழுத்துகள் சேருற இடமும் கிடந்தது. திரும்ப ஸ்ட்ரிங்ஸ் போட்டுப் பாத்தால், தராசு கடைசியா அனுப்பினது நெட் எடை, கழித்தல் 1.85 கிலோ.

கழித்தலில எப்பிடி நிறுக்கிறது எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிக்க, தங்கச்சி அக்காவிட்டைப் போய்க் கேட்டா.

"அக்கா, இந்தக் கூடை ஒண்டு வெறுமையா என்ன நிறை வரும்?"

"ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும் பிள்ளை. அதைத்தானே முதல் வச்சு, பட்டனை அமத்திக் கழிச்சுப்போட்டு நிறுக்கிறம். முந்தி சாக்கு, சாக்குக்குக் கழிக்கிறேல்ல."

கேட்டு முடியக்குள்ள அவ தன்ர கொப்பியை எடுத்து நீட்டினா. பெட்டி நிண்ட ஒவ்வொரு தரமும் நேரம், ஆரின்ர மரக்கறி, என்ன செய்துகொண்டிருக்கேக்க எண்டு எழுதி வச்சிருந்தா, தோட்டக்காரர் பிறகு வந்து சண்டை பிடிச்சால் காட்ட. 5:52 எண்ட வரிக்கு நேர, "கூடை தூக்கினது" எண்டு கிடந்தது. அதுக்கு மேலயும் கீழயும் அதே சொல், எட்டுப் பத்து இடத்தில. கோர் விழுந்த நேரமும் கொப்பியில இருந்த நேரமும் ஒண்டு. மூண்டு கிழமையா அந்தக் கொப்பி தராசுக்குப் பக்கத்திலதான் கிடந்தது. நாங்கள் வயர் மாத்த வந்து வந்து போனம், ஒருத்தரும் கேக்கேல்ல.

நடந்தது இதுதான். மரக்கறி நசியாமல் போகோணும் எண்டு இந்த நிலையத்தில மட்டும் சாக்கை விட்டுப் பிளாஸ்டிக் கூடைக்கு மாறியிருக்கினம், பொங்கலுக்குப் பிறகு. கூடை நிறையைத் தராசில கழிச்சு வச்சால், கூடையோட தூக்கின உடனை தராசு கழித்தல் 1.85 எண்டு காட்டும், அது தராசின்ர சரியான வேலை. சனம் குறைஞ்ச நேரம் துண்டு அடிச்சு முடிஞ்சு ஆறுதலாத் தூக்குவினம், புரோகிராம் அந்த நேரம் எடை வாசிக்காது. அவசரத்தில துண்டு அடிக்க முதலே தூக்கினால் அந்தக் கழித்தல் எடை ரீட்_நெட்டுக்குள்ள வந்து, அசெர்ட் உடைஞ்சு, புரோகிராம் செத்துப் போகும். மற்ற ரெண்டு நிலையத்திலையும் இன்னும் சாக்கு.

அண்ணை சொன்னபடி அசெர்ட்டைத் தூக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டும் கணக்குப் பாத்தம். எடை அடுத்த பங்ஷனில குறி இல்லாத 32 பிட் நம்பரா மாறுது. கழித்தல் 1850 கிராம் அதில 4294965446 கிராம் ஆகும், 42 லட்சம் கிலோவுக்கு மேல. அந்தத் துண்டைக் கண்டால் ஆரும் பிழை எண்டு சொல்லுவினம், ஆனா பின்னேரம் சேவருக்குப் போற மொத்தக் கணக்கில அது கலந்திருந்தால் எத்தினை பேரின்ர காசு குழம்பியிருக்கும். அண்ணை அந்த நம்பரைப் பாத்துப்போட்டுத் தானே சொன்னார், அசெர்ட் இருந்தது நல்லது எண்டு.

மாத்தினவை

தராசில கை வைக்கேலாது, அது முத்திரை குத்தினது, வைக்கத் தேவையும் இல்லை. புரோகிராமில கழித்தல் எடை வந்தால் "நிறுக்க ஆயத்தமில்லை" எண்டு எடுத்து, அடுத்த எடைக்குக் காத்திருக்க வச்சம். அந்த அசெர்ட் இருந்த இடமே பிழை எண்டது எங்கட முடிவு. வெளியில இருந்து வாறது, தராசோ ஆளோ அனுப்புறது, எப்பிடியும் வரலாம், அதைச் சோதிச்சுத் திருப்பி விடோணுமே தவிர அதுக்காகச் சாகக்கூடாது. அசெர்ட் எங்கட சொந்தக் கணக்குப் பிழைச்சால் மட்டும்.

பிறகு மெஸேஜுக்கான வேலை. ஷெல் ஸ்கிரிப்டை விட்டுப்போட்டு சிஸ்டம்டி சேவிஸா, அதாவது லினக்ஸே எழுப்பிப் பாத்துக்கொள்ளுற மாதிரி, மாத்தினம், அதில ஸ்டாண்டர்ட் எரர் தானா ஜேர்னல் எண்ட பதிவுக்குப் போகும், ஜேர்னலை ராமில இல்லாமல் கார்டில வைக்கச் செற் பண்ணினம், கோருக்கான எல்லையையும் அங்கையே திறந்துவிட்டம். பிரிண்டர் லைப்ரரியின்ர இரைச்சலுக்கு அந்த லைப்ரரியிலேயே லெவல் குறைக்கிற வசதி இருந்தது, முந்தி ஒருத்தரும் தேடேல்ல. புரோகிராம் எழும்பேக்க புதுக் கோர் கிடந்தால் ஜிடிபியை ஆளில்லாமல் ஓட்டி, அந்த அபோர்ட் வசனத்தை மட்டும் எடுத்து எங்களுக்கு அனுப்புற சின்ன ஸ்கிரிப்ட் ஒண்டு தங்கச்சி எழுதினா. ஒரு வரி எழுத்து மட்டும்தான் வெளியில போகும், தோட்டக்காரரின்ர விபரம் பெட்டிக்குள்ளேயே நிக்கும். நிபந்தனைக்குள்ள தனியாள் விபரம் வராது எண்டு 41 இடத்தையும் ஒருக்காப் பாத்துப்போட்டுத்தான் இதுக்கு ஓமெண்டனான்.

பெறுமானம் இல்லாத குறைக்கு அசெர்ட் மாதிரி எங்கட சொந்த மெக்ரோ ஒண்டு வச்சம். உடையிற நேரம் சம்பந்தப்பட்ட நம்பரையும் தராசு அனுப்பின கடைசி 16 வரியையும் முதலே ஒதுக்கி வச்ச ஒரு ஸ்டாட்டிக் இடத்தில எழுதிப்போட்டு அபோர்ட்டுக்குப் போகும். மலொக் கேக்கக்கூடாது எண்டதை ஜிலிப்சியைப் பாத்துத்தான் பழகினம். கொம்பைல் பண்ணுறது இனி ஒரு இடத்தில மட்டும், டிபக் விபரத்தோட கொம்பைல் பண்ணி, அதைத் தனிப் பைலாப் பிரிச்சு பில்ட் ஐடி எண்ட அடையாள நம்பரோட சேமிச்சுப்போட்டு, வெட்டினதை மட்டும் பெட்டிக்கு அனுப்புறது.

அதுக்குப் பிறகு

கழித்தல் எடைக் கிராஷ் பிறகு வரேல்ல. ஒரு மாசம் கழிச்சு, வேற நிலையத்தில ஒரு பெட்டி செத்தது. இந்தமுறை நாங்கள் நித்திரையால எழும்ப முதலே போனில வரி கிடந்தது, மலொக்கின்ர மெஸேஜ், ஒரே மெமரியை ரெண்டு தரம் ஃப்ரீ பண்ணினது, அதாவது திருப்பிக் குடுத்தது, எண்டு. மலொக் சொல்லுற வசனத்தையும் ஜிலிப்சி அதே இடத்திலதான் வைக்கிறது எண்டது அண்டைக்குக் கண்ணால கண்டது. பிரிண்டரில கடதாசி முடிஞ்ச நேரம் போற வழியில ஒரு இடத்தில ரெண்டு தரம் ஃப்ரீ. டிபக் பைல் கையில இருந்ததால பாக்ட்ரேஸும் முழுசா வந்தது. பத்து மணிக்கிடையில திருத்திப் போட்டாச்சு.

திரும்பச் செய்யிறதெண்டால் ரெண்டு விசயத்தை முதல் நாளே செய்வன். முடிவு நம்பரைப் பாக்கிறது, அக்காவிட்டை உக்காந்து கேக்கிறது. அதோட, "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" எண்டு சொல்ல முதல் அதால என்ன அழியும் எண்டு யோசிக்கோணும். அந்த மூண்டு கிழமையும் எடை தொலைஞ்ச தோட்டக்காரருக்கு அக்காவின்ர கொப்பியை வச்சுத்தான் நிலையம் காசைச் சரிக்கட்டினது, எங்கட லொக்கை வச்சில்லை.

கோரில கிடக்கிற தனியாள் விபரத்துக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. பேரும் நம்பரும் இருக்கிற மெமரியை மட்டும் கோரில சேக்காதே எண்டு கேர்னலுக்குச் சொல்ல எம்அட்வைஸ் எண்ட வழி இருக்கு, அதுக்கு அந்த விபரத்தை முதல் தனி இடமாப் பிரிச்சு வைக்கோணும், கோடில கனக்க இடம் மாத்தோணும். அதைத் துடங்கியிருக்கிறம். 41 அசெர்ட்டில எது சொந்தக் கணக்கு, எது வெளியில இருந்து வாறது எண்டு பிரிக்கிற வேலையைக் கனடா அண்ணை ஞாயிற்றுக்கிழமையளில எங்களோட சேந்து பாக்கிறார், இதுவரை 27 முடிஞ்சுது, 14 கிடக்கு.